கருப்பையில் ஒன்று, குழாயில் ஒன்று: கரு வைத்த பின் கவனிக்க வேண்டியவை

ஐ.வி.எஃப். முறையில், அதாவது உடலுக்கு வெளியே உருவாக்கிய கருவைக் கருப்பையில் வைத்துக்கொண்ட பெண்ணுக்கு ஆறு, ஏழு வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் கருப்பைக்குள் இதயத்துடிப்பு தெரிந்துவிட்டால், வருடக்கணக்காகக் காத்திருந்த வீடு ஒரே நொடியில் நிம்மதியடைந்துவிடுகிறது. அந்த நிம்மதியிலேயே எழுந்து வந்துவிடாமல், "இரண்டு பக்கக் கருக்குழாயையும் (சினைப்பையிலிருந்து கருப்பைக்குப் போகும் குழாய்) பார்த்தீர்களா, டாக்டர்?" என்று கேளுங்கள். கருப்பையிலும் குழாயிலும் ஒரே நேரத்தில் கரு தங்குவது இயற்கையான கருத்தரிப்பில் ஏறத்தாழ 30,000-இல் ஒன்று என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. சிகிச்சையால் கருத்தரித்தவர்களிடம் அது பல மடங்கு அதிகம். ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களை வைத்தவர்களும், முன்பே குழாயில் கர்ப்பம் தங்கியவர்களும், நோய்த்தொற்றால் குழாய் பழுதானவர்களும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்க்கும் பீட்டா ஹெச்.சி.ஜி. இரத்தப் பரிசோதனை குழாயில் தங்கிய கருவைக் காட்டிக்கொடுக்காது. கருப்பையில் வளரும் கருவே அந்த அளவை ஒழுங்காக ஏற்றிக்கொண்டிருப்பதால், குழாயில் இருப்பது அதன் நிழலில் மறைந்துவிடுகிறது. பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனே துணை. அதிலும் முதல் முறை தெரியாமல் போகலாம் என்பதால், பிறகு வலி வந்தால் பழைய ரிப்போர்ட்டைக் காட்டிச் சமாதானம் அடையாமல் மறுபடியும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், குப்பென்று வியர்த்தல், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவை குழாய் வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிவதன் அடையாளங்களாக இருக்கலாம். வெளியே உதிரப்போக்கு இல்லாமலும் இருக்கலாம். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் இதை வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைக்கும் பழக்கம் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் இந்த வலிக்கு அந்த ஒரு மணி நேரம் மிகப் பெரிய இழப்பு. அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ இருப்பவர்களுக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர் தொலைவு என்பதால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். எத்தனை கரு, எந்தத் தேதியில் வைத்தார்கள், இரத்த வகை என்ன என்பதை ஒரு தாளில் எழுதி, கடைசி ஸ்கேனோடு சேர்த்து ஒரு மஞ்சப்பையில் போட்டு, வாசல் பக்கத்து ஆணியில் முன்பே மாட்டிவையுங்கள்.

பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) மூலம் அந்தக் குழாயை அகற்றுகிறார்கள். குழாய்க் கர்ப்பத்துக்கு வழக்கமாகப் போடும் மெத்தோட்ரெக்சேட் ஊசி கருப்பையிலுள்ள குழந்தையையும் பாதிக்கும் என்பதால், உள்ளே உயிருள்ள கரு இருப்பதை வேறு மருத்துவரிடம் போனாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காலத்தோடு அறுவை சிகிச்சை நடந்தால் கருப்பையிலுள்ள கர்ப்பம் பலருக்குத் தொடர்ந்து பிரசவம் வரை போகிறது. நெகட்டிவ் இரத்த வகை உள்ளவர்கள் ஆன்டி-டி ஊசி (தாயின் உடல் குழந்தையின் பாசிட்டிவ் இரத்தத்துக்கு எதிராக மாறாமல் தடுப்பது) தேவையா என்று டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் கேட்டுக்கொள்ளவும்.