கடல் உள்வாங்கும் நேரம்: குழந்தைகளோடு பாறைக் குட்டைகளைப் பார்ப்பது எப்படி

விடுமுறைக்குக் கடலோர ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மணலோடு நின்றுவிடுகிறார்கள். சற்றுத் தள்ளிப் பாறைக் கரை இருந்தால் அங்கேயும் போய்ப் பாருங்கள், காசே வேண்டாம். கடல் இறங்கும்போது பாறைப் பள்ளங்களில் தண்ணீர் தங்கிவிடும். நண்டு, நட்சத்திர மீன், பூப்போலத் தெரியும் உயிரான கடல் சாமந்தி எல்லாம் குழந்தையின் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கும்.

எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. நமக்கு வசதியான நேரத்தில் போனால் தண்ணீர் மூடிய பாறையைத்தான் பார்க்க முடியும். பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே 6 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். மறுநாள் அதே இறக்கம் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில்தான் கடல் மிகக் கீழே இறங்கும். முடிந்தால் பயணத்தையே அதற்கேற்ப வையுங்கள். இன்னொன்றும் உண்டு: அமாவாசையன்று ஓரிடத்தில் காலை 7 மணிக்குத் தாழ்வு (கடல் இறங்கி முடியும் நேரம்) என்றால், அடுத்த பௌர்ணமியன்றும் ஏறக்குறைய அதே நேரம்தான். மத்தியதரைக் கடல், பால்டிக் கடல் போன்றவற்றில் ஏற்ற இறக்கமே மிகக் குறைவு. அங்கே இந்தக் கணக்கால் பெரிய பயனில்லை.

நீங்கள் போகும் கரைக்கு மிக அருகிலுள்ள துறைமுகத்தின் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். அதில் நேரத்தோடு நீர்மட்டமும் பெரும்பாலும் மீட்டரில் இருக்கும். ஒரே நாளின் இரண்டு தாழ்வுகளில் எண் சிறியதாக இருப்பதே நமக்கு வேண்டியது, அதுவும் பகலில் வந்தால். அட்டவணை உள்ளூர் நேரத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் நாடுகளில் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

தாழ்வுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய், இறங்கும் தண்ணீரின் பின்னாலேயே செல்லுங்கள். சிறு குழந்தைகள் இருந்தால் தாழ்வு நேரம் வந்ததுமே திரும்புங்கள். தாழ்ந்த பிறகு கடல் முதல் ஒரு மணி நேரம் மெதுவாக ஏறும். மூன்றாம், நான்காம் மணி நேரங்களில்தான் வேகமெடுக்கும். அந்த ஆரம்ப நிதானத்தை நம்பி இருந்துவிடுவது ஆபத்து. தண்ணீர் முன்னாலிருந்து மட்டும் வராது, பாறை இடுக்குகள் வழியாகச் சுற்றி வந்து முதுகுக்குப் பின்னால் நிரம்பும். வந்த வழியில் தாழ்வான இடம் எது என்று போகும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இறங்குவதற்கு முன் கரையில் நின்று 10 நிமிடம் அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் இடைவெளி விட்டுத்தான் வரும். நனைந்திருக்கும் பாறையை அலை எட்டியிருக்கிறது என்று பொருள், அங்கே குழந்தையை நிறுத்தாதீர்கள். பெரியவர்களில் ஒருவராவது எப்போதும் கடலைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

செருப்பு வேண்டாம். விரலை மூடிய, பிடிப்புள்ள காலணியை இறுக்கக் கட்டிப் போங்கள். பச்சைப் பாசியும் கறுப்பாகப் படிந்த மெல்லிய படலமும் வழுக்கும். காய்ந்த வெறும் பாறையில் கால் வையுங்கள். கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும், கூரான ஓடுள்ள சிறு உயிர்) ஒட்டிய பாறை பிடிப்பாக இருந்தாலும் விழுந்தால் தோலைக் கிழித்துவிடும். கீறலை உடனே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் சீழ் பிடிக்கலாம்.

பத்துக் குட்டைகளை ஓடி ஓடிப் பார்ப்பதைவிட ஒரே குட்டையருகே ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருவது எவ்வளவோ மேல். நிழல் தண்ணீரில் விழாத பக்கமாக உட்காருங்கள். நிழல் பட்டால் எல்லாம் ஒளிந்துகொள்ளும். முதலில் வெறும் கல்தான் தெரியும். பிறகு ஒரு சங்கு நகரும், உற்றுப் பார்த்தால் அதற்குக் கால் இருக்கும்: காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு. அடி தட்டையான, நிறமில்லாத பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீரின் மேல் லேசாக அழுத்தி அதன் வழியே பார்த்தால் சிற்றலையின் நெளிவு மறைந்து அடி தெளிவாகத் தெரியும். இதைவிட நல்ல கருவி தேவையில்லை.

கல்லைப் புரட்டினால், பார்த்ததும் முன்பிருந்தபடியே மெதுவாக வைத்துவிட வேண்டும். அடிப்பக்கத்து உயிர்கள் வெயிலில் காய்ந்து சாகும், மேற்பக்கத்துப் பாசி இருட்டில் சாகும். பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்க்கவே கூடாது. நட்சத்திர மீனை இழுத்தால் அதன் குழாய்க் கால்கள் அறுந்துபோகும். வாளியில் எடுத்தால் ஒரே உயிர், ஐந்தே நிமிடம். சிறிதளவு தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும், சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். எடுத்த குட்டையிலேயே விடுங்கள். பாதுகாக்கப்பட்ட கரையாக இருந்தால் காலிச் சங்கைக்கூட எடுக்கத் தடை இருக்கலாம், அறிவிப்புப் பலகையைப் படியுங்கள்.

வெப்பமண்டலக் கரைகளில் குழந்தைகளுக்கு இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: இடுக்கில் கை விடக்கூடாது, அழகான கூம்பு வடிவச் சங்கை எடுக்கக்கூடாது. உயிருள்ள கூம்பு நத்தை கொட்டினால் உயிரே போகலாம். அப்படிப்பட்ட கரைகளில் கல்லையும் புரட்ட வேண்டாம், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெயிலுக்குக் களிம்பைவிட முழுக்கைச் சட்டையும் தொப்பியும் நல்லது. களிம்பு பூசிய கையைக் குட்டைக்குள் விட்டால் அது அந்தக் கொஞ்சத் தண்ணீரில் கரைந்துவிடும்.