போனை அரிசியில் புதைக்காதீர்கள்

போன வாரம் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் திடீர் மழை. சட்டைப்பையில் இருந்த போன் தொப்பலாக நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்காமலேயே பொன்னி அரிசி டப்பாவைத் திறந்தார். நல்லவேளை, கையைப் பிடித்துத் தடுத்தேன்.

நனைந்த போனை அரிசிக்குள் வைத்தால் ஈரம் போய்விடும் என்ற இந்த அரிசி வைத்தியத்தை ஆப்பிள் நிறுவனமே வேண்டாம் என்கிறது. 2024 தொடக்கத்தில் அது உலகச் செய்தியாகவே ஆனது. காரணம் எளிது: அரிசித் துணுக்குகள் உள்ளே போய் போனைக் கெடுத்துவிடலாம்.

சரி, என்ன செய்வது? சார்ஜர் ஒயரைக் கழற்றுங்கள். சார்ஜர் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். அப்புறம் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அரை மணி நேரமாவது பொறுத்து ஒயரைச் செருகிப் பாருங்கள். துளையில் ஈரம் இருக்கிறது என்ற எச்சரிக்கை திரையில் வந்தால், காய ஒரு நாள் வரைகூட ஆகலாம். நம் ஊரில் சராசரி ஈரப்பதமே 80 சதவீதத்தைத் தாண்டும் என்பதால், ஃபேன் ஓடும் அறையோ ஏர்கான் அறையோ நல்லது. ஹேர் டிரையர், பஞ்சுக் குச்சி இரண்டும் வேண்டாம். அவசரமென்றால், போனின் முதுகைத் துடைத்துவிட்டு வயர்லெஸ் சார்ஜரில் வைக்கலாம்.

தண்ணீர், தூசிக் காப்பைக் குறிக்கும் ‘ஐபி68’ தரம் பெட்டியில் போட்டிருக்கிறதே என்பார்கள். அது ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில் செய்த சோதனை. செந்தோசா கடலுக்கு அது பொருந்தாது. போன் பழசாக ஆக அந்தக் காப்பும் குறையும்.

அரிசி சோற்றுக்கே இருக்கட்டும் என்றேன். அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.