இன்சுலினும் பசியும்: புரிந்துகொள்வதில் நேரும் தவறுகள்

"இன்சுலின் போடத் தொடங்கியதிலிருந்து பசி தாங்க முடியவில்லை" என்று நீரிழிவு உள்ளவர்கள் சொல்வதைப் பலரும் கேட்டிருப்போம். உடலியங்கியல் பாடநூலைத் திறந்தாலோ, மூளையில் பசியைத் தணிக்கும் ஹார்மோன்களுள் இன்சுலினும் ஒன்று என்று எழுதியிருக்கும். இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினாலும் இரண்டுமே உண்மைதான். இன்சுலின் எங்கே செயல்படுகிறது, அந்த நேரத்தில் இரத்தத்தில் குளுக்கோஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் விளைவு மாறுகிறது. இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமலேயே "இன்சுலின் பசியைக் கூட்டும்" என்றோ "குறைக்கும்" என்றோ ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் முதல் தவறு; மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின், குளுக்கோஸைத் தசைகளுக்குள்ளும் கொழுப்புத் திசுவுக்குள்ளும் சேர்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி இரத்தத்திலிருந்து மூளைக்குள்ளும் கடத்தப்படுகிறது. இன்சுலினை ஏற்கும் ஏற்பிகள் மூளையில் பரவலாக இருப்பது 1978-இல் எலிகளில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே, பபூன் குரங்குகளின் மூளைத் தண்டுவட நீரில் சிறிதளவு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்திய ஆய்வாளர்கள், அவை உண்ணும் அளவும் உடல் எடையும் குறைவதைக் கண்டனர். 2000-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நரம்பு செல்களில் மட்டும் இன்சுலின் ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளின் உடலில் கொழுப்பு கூடியது. பெண் சுண்டெலிகள் வழக்கத்தைவிட அதிகமாக உண்ணவும் செய்தன. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸின் ஆர்க்குவேட் பகுதியில் பசியைத் தூண்டும் நரம்பு செல்களும் நிறைவைத் தூண்டும் நரம்பு செல்களும் அருகருகே இருக்கின்றன. இன்சுலின் பொதுவாக முன்னவற்றை அடக்கிப் பின்னவற்றுக்குத் துணைநிற்கிறது. உடலில் கொழுப்புச் சேமிப்பு கூடக்கூட உண்ணாத நேரத்திலும் இரத்தத்தில் இருக்கும் அடிநிலை இன்சுலினும் கூடுவதால், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் ஹார்மோனைப் போலவே இதுவும் சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் செய்தியாக அமைகிறது.

இன்சுலினே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை, சிகிச்சை தொடங்கப்படாத முதல் வகை நீரிழிவில் காணலாம். இரத்தத்தில் குளுக்கோஸ் நிரம்பி வழிகிறது. ஆனால் இன்சுலினும் லெப்டினும் குறைந்துபோன மூளை, உடல் பட்டினி கிடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவற்றோடு அடங்காப் பசியும் சேர்ந்துகொள்ள, எவ்வளவு சாப்பிட்டாலும் எடை இறங்கிக்கொண்டே போகிறது. ஆகவே, ஒரு குழந்தை நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால், "வளரும் பிள்ளை, பசி எடுக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாமல் அன்றைக்கே சர்க்கரை அளவைப் பரிசோதிக்க வேண்டும்.

அப்படியானால் ஊசி போட்ட பின் வரும் பசிக்கு என்ன காரணம்? பெரும்பாலும் அது இன்சுலின் மூளையில் நேரடியாக உண்டாக்கும் பசி அன்று. இன்சுலினால் குளுக்கோஸ் அளவுக்கு மீறி இறங்கும்போது உடல் எழுப்பும் அபாயக் குரல். அளவு 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே போவதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். அப்போது அட்ரினலின், குளுக்ககான் முதலிய, குளுக்கோஸை ஏற்றும் எதிர் ஹார்மோன்கள் சுரக்கின்றன. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு ஆகியவற்றோடு, வேறு எதையும் நினைக்கவிடாத ஒரு பசியும் வருகிறது.

இந்தப் பசி எப்படிப்பட்டது என்பதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நடுத்தர நேரம் செயல்படும் என்.பி.ஹெச். இன்சுலினை இரவு 8 மணிக்கு உணவுக்கு முன் போட்டுக்கொண்ட ஒருவர், 2 மணிக்கு நனைந்த சட்டையோடு விழிக்கிறார். மீட்டர் 58 காட்டுகிறது. சர்க்கரை கரைத்த நீரைக் குடிக்கிறார், பசி அடங்கவில்லை. கையில் கிடைத்த இனிப்பைத் தின்கிறார், அப்போதும் அடங்கவில்லை. சமையலறையில் நின்றபடியே அரை மணி நேரம் தின்றுகொண்டே இருக்கிறார். காலையில் அளவு 290. அன்று முழுவதும் வாயைக் கட்டத் தெரியாதவர் என்ற பெயரும் குற்ற உணர்வும் அவரோடு ஒட்டிக்கொள்கின்றன.

இங்கே நடந்த தவறு மன உறுதி சார்ந்தது அன்று. பசி நிற்கும்வரை தின்பதுதான் தவறு. உட்கொண்ட குளுக்கோஸ் குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் அளவு ஏறி, அபாயக் குரல் ஓய்வதற்குக் கால் மணி நேரமாவது பிடிக்கும். அதற்குள் உண்பதெல்லாம் தேவைக்கு மேற்பட்டது. அதனால்தான் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் காத்திருந்து, மீண்டும் அளந்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு 15 கிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தப் பதினைந்து நிமிடம் மிக நீண்டதாகத் தோன்றும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அது எளிதாகிறது. சாக்லேட் போன்ற கொழுப்பு மிகுந்த பண்டங்கள் உறிஞ்சப்படுவது தாமதமாகும் என்பதால் இந்த நேரத்துக்கு அவை ஏற்றவை அல்ல. மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் சிதையும். அவர்கள் குளுக்கோஸ் பொடியையே கைவசம் வைத்திருக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. குளுக்ககான் மருந்து இருந்தால் கொடுத்துவிட்டு, உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, தாழ்சர்க்கரை வருமோ என்ற அச்சத்திலேயே ஒவ்வொரு நாளும் கூடுதலாகச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பது. அதாவது, மருந்தின் அளவுக்கு ஏற்ப உணவை ஏற்றிக்கொண்டு போவது. என்.பி.ஹெச். இன்சுலின் போட்டு ஏறத்தாழ 4 மணி நேரத்துக்குப் பிறகுதான் உச்சத்தை நெருங்குகிறது. மாலையில் போட்டால் அந்த உச்சம் நள்ளிரவில் வந்து விழும். அதே நேரத்தில் திரும்பத் திரும்பப் பசி எழுப்பினால், மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஊசியின் அளவையோ நேரத்தையோ வகையையோதான். அதை மருத்துவரிடம் சொல்லாமல் படுக்கையருகே தின்பண்டம் வைத்துக்கொள்வது, எடையைத்தான் ஏற்றும்.

ஊசி போடுபவருக்கு வரும் பசியெல்லாம் தாழ்சர்க்கரை என்று முடிவுகட்டுவதும் தவறே. இன்சுலின் போதாமல் அளவு 300-இல் நிற்கும்போதும் பசிக்கும். அப்போது இனிப்பு எடுத்துக்கொண்டால் நிலைமை மோசமாகும். நெடுநாள் உயர்ந்த அளவிலேயே இருந்து பழகியவருக்கு, அளவு இயல்பு நிலைக்கு இறங்கும்போதே நடுக்கமும் பசியும் வரக்கூடும். சில வாரங்களில் உடல் புதிய அளவுக்குப் பழகிக்கொள்ளும். மறுபுறம், அடிக்கடி தாழ்சர்க்கரை வந்தவர்களுக்கு அறிகுறிகளே மங்கிவிடுவதும் உண்டு. எந்தப் பசி எது என்பதை உணர்வை வைத்து ஊகிக்க முடியாது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தத்தை எடுத்து அளந்தால் ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுகிற தவறு, எடை கூடுகிறது என்பதற்காக ஊசியைத் தாமாகவே குறைப்பதும் விடுவதும்தான். எடை ஏன் கூடுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தப் பாதை தேவைப்படாது. இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தாழ 180 மி.கி./டெ.லி.-ஐத் தாண்டும்போது சிறுநீரகம் அதை வெளியேற்றத் தொடங்குகிறது. ஒரு நாளில் 50 கிராம் குளுக்கோஸ் அப்படிச் சிறுநீரில் போனால், உண்ட உணவில் 200 கிலோ கலோரி உடலில் சேராமலேயே போகிறது. இன்சுலின் அந்த ஓட்டையை அடைக்கிறது. உணவின் அளவு பழையபடியே இருந்தால், இதுவரை வீணான ஆற்றல் இப்போது உடலில் தங்கும். அதாவது, கூடும் எடையில் ஒரு பகுதி நோயில் இழந்ததை உடல் மீட்டுக்கொள்வதாகும்; இன்னொரு பகுதி, தாழ்சர்க்கரைக்குப் பயந்து தின்றதாகும். இரண்டாவதைக் குறைக்க வழிகள் உண்டு. ஊசியை விடுவதோ, குறிப்பாக முதல் வகை நீரிழிவில், ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் எனும் உயிர் பறிக்கும் நிலைக்கு இட்டுச்செல்லும். உடல் தோற்றம் பற்றிய கவலையால் இளவயதினர் சிலர் இதை மறைவாகச் செய்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், திட்டாமல், அவருடைய நீரிழிவு மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

நீரிழிவு இல்லாதவர்களிடையே பரவியிருக்கும் தவறு வேறு வகை. "மாவுச்சத்து இன்சுலினை ஏற்றும், இன்சுலின் பசியை ஏற்றும், ஆகவே இன்சுலினை ஏற்றாத உணவே பசியடக்கும்" என்று ஒரு கணக்கு நேர்த்தியாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் புரதமும் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது; ஆனால் வயிறு நிறைந்த உணர்வை நன்றாகத் தருவதும் புரதம்தான். 1995-இல் ஆஸ்திரேலியாவில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து நிறைவுணர்வை அளந்தபோது, இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும் வேகவைத்த உருளைக்கிழங்கே முதலிடம் பிடித்தது. 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 20 பேர், இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும் இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த விலங்கு உணவும் வேண்டிய மட்டும் உண்டனர். முதல் உணவில் குளுக்கோஸும் இன்சுலினும் கூடுதலாக ஏறின. ஆயினும் அதில்தான் அவர்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 700 கிலோ கலோரி குறைவாக உண்டனர்.

இதை வைத்து, உணவுக்குப் பின் சர்க்கரை ஏறி இறங்குவதற்கும் பசிக்கும் தொடர்பே இல்லை என்று எதிர்த்திசையில் ஓடுவதும் சரியன்று. அதே 2021-இல், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர் குளுக்கோஸ் உணரியுடன் கண்காணித்த ஆய்வில், உணவு உண்ட 2 முதல் 3 மணி நேரத்துக்குள் அளவு தொடக்கநிலைக்கும் கீழே சரிந்தவர்கள், அடுத்த உணவைச் சற்று முன்னதாகவே தேடினர். அன்றைக்குக் கூடுதலாகவும் உண்டனர். ஆக, இன்சுலின் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைவிட, குளுக்கோஸ் எவ்வளவு ஆழம் சரிகிறது என்பதே பசியைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது என்று நான் கருதுகிறேன். அந்தச் சரிவும் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும்.

உணவின் மணத்திலும் சுவையிலுமே, குளுக்கோஸ் ஏறும் முன்பு, மூளையையும் வயிற்று உறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகச் சிறிதளவு இன்சுலின் சுரக்கிறது. இது செரிமானத்துக்கான முன்னேற்பாடு. மிகச் சிறிய அளவு. இனிப்பை நாக்கில் வைத்தாலே பெரும் பசி கிளம்பிவிடும் என்று அஞ்சுவதற்கு இது ஆதாரமாகாது.

பேனா வடிவில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், பசியைக் குறைக்கும் செமாகுளுடைட் போன்ற ஜி.எல்.பி.-1 ஊசியையும் இன்சுலினையும் ஒன்றென்று எண்ணுவோர் உண்டு. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. எடை குறையும் என்று நம்பி, நீரிழிவு இல்லாதவர் இன்சுலினைப் போட்டுக்கொண்டால், தாழ்சர்க்கரையில் மூளை பாதிக்கப்படவும் உயிர் போகவும் கூடும்.

இன்சுலின் மூளையில் பசியைத் தணிக்கும் என்றால், உடற்பருமனில் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருந்தும் பசி ஏன் தணிவதில்லை என்று கேட்கலாம். மிக நியாயமான கேள்வி. தசையிலும் கல்லீரலிலும் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்குச் செல்கள் சரியாக இசையாத நிலை, உண்டாவதுபோல மூளையிலும் உண்டாகிறது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் இன்சுலினைக் கடத்தும் வழியும் சுணங்குகிறது. இன்சுலினை மூக்கின் வழியாக மூளைக்குச் செலுத்திய எட்டு வார ஆய்வில் ஆண்களின் உடற்கொழுப்பு குறைந்தது. பெண்களிடம் அந்த விளைவு காணப்படவில்லை. ஆகவே, ஆய்வக அறிக்கையில் இன்சுலின் கூடுதலாக இருப்பதைக் கண்டு, மூளைக்கும் அதே வலிமையில் செய்தி போய்ச் சேர்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. தூக்கத்தையும் மறக்கக் கூடாது: 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவிட்ட 2004-ஆம் ஆண்டு ஆய்வில் லெப்டின் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடியது, பசியும் கூடியது.

இன்சுலின் எடுப்பவர் பசியைப் பற்றி மருத்துவரிடம் பேசப் போகும்போது "ரொம்பப் பசிக்கிறது" என்று மட்டும் சொன்னால், அவரால் ஊகிக்கத்தான் முடியும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டு, பசி வந்த நேரம், அப்போது மீட்டர் காட்டிய எண், கடைசி ஊசியின் அளவும் நேரமும், கடைசியாக என்ன, எப்போது சாப்பிட்டார் என்பனவற்றை எழுதிக்கொண்டு போகலாம். ஒரே நேரத்தில் 70-க்குக் கீழான எண்கள் வரிசையாக இருந்தால் ஊசியின் அளவு குறைய வேண்டும். 250-க்கு மேல் வரிசையாக இருந்தால் சிகிச்சை போதவில்லை. 100-க்கும் 140-க்கும் இடையிலேயே பசித்திருந்தால், காரணத்தை இன்சுலினில் தேடாமல், நான்காவது கட்டத்தையும் தூங்கிய நேரத்தையும் மருத்துவர் பார்ப்பார்.