வீட்டு ரோபோ விற்க ஆசையா? போட்டித் திட்டத்தை இப்படிப் போடுங்கள்

சிங்கப்பூரில் தரை கூட்டித் துடைக்கும் ரோபோவை விற்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். பொறியியல் தெரியும், வியாபாரம் புதிது என்பவர்கள்தான் என் மனத்தில். ஒரு நோட்டு, ஓர் அளவுநாடா போதும். முதலீட்டாளருக்குக் காட்டும் ஸ்லைடுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: யாரோடு போட்டி?

ரோபோராக், எக்கோவாக்ஸ், டிரீமி என்று ரோபோ பிராண்டுகளை எல்லாரும் எழுதுவார்கள். நீங்களும் எழுதுங்கள். அதற்குக் கீழே இவற்றையும் சேருங்கள்: துடைப்பம், பணிப்பெண், வாரம் ஒருமுறை வரும் பகுதிநேரத் துப்புரவாளர், "ஞாயித்துக்கிழமை அம்மா தொடச்சிடுவாங்க".

மைக்கேல் போர்ட்டர் 1979ல் ஒரு தொழிலை அழுத்தும் ஐந்து விசைகளைப் பட்டியலிட்டார்: இருக்கும் போட்டியாளர், புதிதாக நுழைபவர், வாங்குபவர், சரக்குக் கொடுப்பவர், மாற்றுப் பொருள். ஐந்து கட்டத்தையும் நிரப்புவதில் ஒரு வாரத்தைக் கழிக்காதீர்கள். இந்தத் தொழிலில் சின்னவர்களின் கழுத்தை நெரிப்பவை கடைசி இரண்டுதான்.

மாற்றுப் பொருளை முதலில் பாருங்கள். பணிப்பெண் வைத்திருக்கும் குடும்பம் சம்பளத்தோடு மாதம் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தீர்வையும் அரசாங்கத்துக்குக் கட்டுகிறது. சிறு பிள்ளையோ முதியவரோ உள்ள வீட்டுக்குச் சலுகையில் 60 வெள்ளி. ஆனால் அவர் சமைக்கிறார், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருகிறார், தாத்தாவுக்கு மருந்து எடுத்துத் தருகிறார். தரை துடைப்பது அதில் ஒரு துளி. அந்த வீட்டில் ரோபோ வெறும் விளையாட்டுச் சாமான். உங்கள் வாடிக்கையாளர் பணிப்பெண் இல்லாத வீட்டில் இருக்கிறார்: இருவரும் வேலைக்குப் போகும் தம்பதி, அல்லது குனிந்து கூட்ட முடியாத வயதில் தனியாக இருக்கும் பெரியவர். 2030ல் இங்கே குடிமக்கள் நால்வரில் ஒருவருக்கு 65 வயதோ அதற்கு மேலோ இருக்கும் என்கிறது அரசாங்கம். இரண்டாவது வகையை நான் அதிகம் நம்புவேன்.

படி 2: சரக்குக் கொடுப்பவர் நாளை என்ன செய்வார்?

ஐரோபோட்டின் கதையை இதற்காகவே படிக்க வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் மூவர் 1990ல் தொடங்கிய நிறுவனம். 2002ல் வந்த அதன் ரூம்பா ரோபோதான் இந்தச் சந்தையையே உண்டாக்கியது. லேசரால் அறையை அளக்கும் லிடாருக்குச் சீன நிறுவனங்கள் மாறிய பிறகும் அது பல ஆண்டுகள் கேமராவையே பிடித்துக்கொண்டிருந்தது. 2022ல் அமேசான் 170 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்க முன்வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எதிர்ப்பால் 2024 ஜனவரியில் அந்தப் பேச்சு முறிந்தது. உடனே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஊழியர்களுக்கு வேலை போனது. 2025 டிசம்பரில் நொடிப்புப் பாதுகாப்பு கேட்டபோது நிறுவனத்தை எடுத்துக்கொள்ள வந்தது யார் தெரியுமா? ரூம்பாவைத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஷென்ஜென் ஆலை, பிசியா.

உங்களுக்குச் செய்துதரும் ஆலை அதே பொருளை வேறு பெயரொட்டி ஷாப்பி இணையக் கடையில் போடலாம். அதைத் தடுக்க முடியும் என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். நோட்டில் பக்கத்துப் பக்கமாக இரண்டு பத்தி போடுங்கள்: ஆலை நகலெடுக்கக்கூடியவை, நகலெடுக்க முடியாதவை. உறிஞ்சும் திறன், வடிவம், கைப்பேசிச் செயலி எல்லாம் முதல் பத்தியில் விழும். இரண்டாம் பத்தி காலியாக இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: ஒரு வீட்டுக்குள் போய் அளந்து பாருங்கள்

தெரிந்தவர்களின் வீவக (அரசாங்க அடுக்குமாடி) நான்கறை வீடு ஒன்றில் அனுமதி வாங்கி, தரையில் உட்கார்ந்து அளவெடுங்கள். 1990களின் பிற்பகுதிக்குப் பின் கட்டிய வீடென்றால் பாம் ஷெல்டர் (குண்டு விழுந்தால் ஒதுங்கும் அறை) இருக்கும். அதன் வாசல் விளிம்பு என்ன உயரம்? கழிப்பறைத் தடுப்பு? சாதாரண ரோபோ ஏறக்குறைய 2 செ.மீ. ஏறும், விலை கூடியவை இன்னும் கொஞ்சம். லிடார் கொண்டை வைத்தவை சுமார் 10 செ.மீ. உயரம் நிற்கும், சோபாவுக்கு அடியில் போகுமா?

பிறகு தரையில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். நம் வீடென்றால் கடுகு, தேங்காய்த் துருவல், உருளையில் சுற்றிக்கொள்ளும் நீளத் தலைமுடி, அடுப்படியில் எண்ணெய்ப் பிசுக்கு. சாமி மேடை முன்னால் மாக்கோலம் இருக்கும். ரோபோவுக்கு அது குப்பை. ஈரத் துணியோடு ஏறி இறங்கினால் கோலமும் போகும், மாவுக் கறை கூடம் முழுக்கப் பரவும். வெள்ளிக்கிழமை காலையில் இது நடந்துவிட்டால் அடுத்த வாரம் ரோபோ அலமாரிக்குள் போய்விடும்.

ரோபோ போகக்கூடாத இடத்தை வரைந்து தடுக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. 70 வயது அம்மாவுக்கு அதை வரைந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து வரைபடம் போட்டு, "பூஜை" என்று தமிழில் பெயரிட்டு, ஒற்றைப் பொத்தானில் இயக்கக் கற்றுத்தரும் ஆள் உங்களுடையவர் என்றால், இரண்டாம் பத்தியில் முதல் வரி கிடைத்துவிட்டது.

படி 4: கணக்கு

எண்கள் என் கற்பனை, முறை மட்டும் நிஜம். விற்பனை விலை 800 வெள்ளி. ஆலை விலை 380, சரக்குக் கூலியும் இறக்குமதியில் கட்டும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் 60, இணையக் கடைக்குக் கமிஷன் 80, வீட்டுக்குப் போய் அமைத்துத் தர 60, திரும்பி வருவதற்கும் பழுதுக்கும் 70. மீதி 150. இதில்தான் வாடகை, விளம்பரம், உங்கள் சாப்பாடு.

பழுதுக்கான 70ஐக் குறைத்துப் போடாதீர்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்க இங்குள்ள லெமன் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு.

இதோடு மாதம் 25 வெள்ளிச் சேவை ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்: வடிகட்டி, துணி, தூசிப்பை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள். மாதச் செலவு 13 என்றால் மூன்றாண்டில் 432 வெள்ளி நிற்கும். விற்பனையில் கிடைத்ததைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

படி 5: கேமரா

2024ல் அமெரிக்காவில் சில எக்கோவாக்ஸ் ரோபோக்களுக்குள் ஊடுருவியவர்கள் ஒலிபெருக்கி வழியாக வீட்டாரைத் திட்டிய செய்தி நினைவிருக்கும். வீட்டுக்குள் கேமரா உள்ள பொருளை விற்பவர் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூர் அரசாங்கத்தின் சைபர் பாதுகாப்பு முகவை இப்படிப்பட்ட சாதனங்களுக்கு 2020 முதல் நான்கு நட்சத்திரம் வரை தரச்சீட்டு வழங்குகிறது, எடுங்கள். கேமரா இல்லாத மாடலையே விற்பது இன்னும் நல்லது.

படி 6: எங்கே தொடங்குவது?

தீவு முழுக்க வேண்டாம். ஒரே பேட்டை, அதிலும் முதியோர் அதிகமுள்ள பேட்டை. சேவை ஆள் ஒரு புளோக்கிலிருந்து அடுத்ததற்கு நடந்தே போனால் அந்த 13 வெள்ளி 10 ஆகும். ஜன்னல் துடைக்கும் ரோபோ, பூனைக் கழிவு ரோபோ எல்லாம் இரண்டு ஆண்டுக்குத் தொடாதீர்கள்.

நவம்பர் 11ல் நடக்கும் 11.11 இணைய விற்பனையில் பெரிய பிராண்டுகள் விலையை உடைப்பார்கள். கூடவே இறங்கினால் அந்த 150 வெள்ளியும் போகும். அந்த வாரம் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, டிசம்பரில் புளோக்கின் கீழே உள்ள வெற்றுத்தளத்தில் ஒரு மேசை போட அனுமதி கேளுங்கள். வருபவர்களிடம் இப்படிச் சொல்லுங்கள்: எந்த பிராண்டாக இருந்தாலும் கொண்டுவரலாம், உருளையைச் சுத்தம் செய்து, வீட்டுக்கு வந்து வரைபடம் போட்டுத் தருகிறோம், முதல்முறை 15 வெள்ளி, பிடித்திருந்தால் மாதம் 25.