ஃபயர் ஐலண்ட் போக, முதலில் படகுத்துறையை முடிவு செய்யுங்கள்

நியூயார்க்கில், லாங் ஐலண்டுக்குத் தெற்கே அட்லாண்டிக்கை மறித்துக்கொண்டு கிடக்கும் நீள மணல் திட்டுதான் ஃபயர் ஐலண்ட். நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அகலம் பல இடங்களில் ஐந்து நிமிட நடைதான். தெற்கே அலை, வடக்கே கிரேட் சவுத் பே என்ற அமைதியான விரிகுடா. நடுவில் குட்டிக் குட்டி ஊர்கள். அவற்றை இணைக்கச் சாலை இல்லை. நியூயார்க்கின் பூங்கா, நெடுஞ்சாலைத் திட்டங்களை நடத்திய அதிகாரி ராபர்ட் மோசஸ் தீவு நெடுக ஒன்று போடப் பார்த்தார். மக்கள் எதிர்த்தார்கள், 1964இல் தீவின் பெரும்பகுதி தேசியக் கடற்கரை என்ற பாதுகாக்கப்பட்ட பகுதியானது.

அதனால் எந்தப் படகில் ஏறுகிறோமோ அந்த ஊர்தான் அன்றைக்கு. இது தெரியாமல் முதல் தடவை தீவிலுள்ள ஒரு காட்டைப் பார்க்கக் கிளம்பி, லாங் ஐலண்டில் உள்ள பே ஷோரில் படகேறி, தீவின் ஓஷன் பீச்சில் இறங்கினோம். காடு இன்னும் கிழக்கே. ஒரு மணி நேரத்துக்கு மேல் மணலில் நடை. அத்தை செருப்பைக் கையில் பிடித்தபடி, வழி முழுக்க என்னோடு பேசவில்லை.

சங்கன் ஃபாரஸ்ட் என்ற அந்தக் காட்டுக்கு, கோடையில் லாங் ஐலண்டின் சேவில் ஊருக்குப் போய், செய்லர்ஸ் ஹேவன் படகைப் பிடியுங்கள். அங்கே 200 வயது தாண்டிய ஹாலி மரங்கள் உண்டு, ஆனால் உயரமே இல்லை. மணல்மேட்டுக்கு மேல் எட்டிப் பார்க்கும் கொம்பை உப்புக்காற்று கருக்கிவிடும். உச்சியெல்லாம் கத்திரி போட்டதுபோல் ஒரே மட்டம். பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். புல்லில் மான் உண்ணி, ஓரத்தில் மூன்று மூன்று இலையாகப் பாய்சன் ஐவி, தொட்டால் அரிக்கும் செடி. வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊர் பார்க்க வேண்டுமென்றால் ஓஷன் பீச் சரி. கார் கிடையாது. படகுத்துறையில் கைவண்டிகள் சங்கிலி போட்டு வரிசையாக நிற்கும். அரிசி மூட்டையோ ஐஸ் பெட்டியோ, வீடு வரை இழுத்துத்தான் போக வேண்டும். “தேர்முட்டி மாதிரி இருக்கே” என்றார் அத்தை, கோபம் தணிந்து. தெருவில் தின்றுகொண்டே நடக்கக் கூடாது என்பது அங்கே சட்டம், எனவே புளிசாதத்தைப் படகிலேயே முடித்துவிடுங்கள்.

1858இல் கட்டிய கலங்கரை விளக்கம் மட்டும் போதுமென்றால் படகே வேண்டாம். மேற்குக் கோடியில் பாலம் உண்டு, காரை நிறுத்திவிட்டு நடக்கலாம்.

அப்புறம், கடைசிப் படகு நேரத்தை இறங்கியதுமே படம் எடுத்து வையுங்கள்.