வெளிநாட்டில் சைக்கிள் பயணம்: ஒரு நாளைக் கெடுக்கும் தவறுகள்

வெளிநாட்டில் நெடுந்தூரம் சைக்கிளில் போகத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் மொத்தத் தூரத்தை நாட்களால் வகுத்துவிடுகிறார்கள். நாளுக்கு 100 கிலோமீட்டர் என்று விடை வந்ததும் திட்டம் முடிந்ததாக நினைக்கிறார்கள். வழியில் வரும் பாதிச் சிக்கல்களுக்கு அந்தக் கணக்குதான் காரணம்.

டான்யூப் ஆற்றங்கரையோரம் போகும் யூரோவெலோ 6 பாதையில் 100 கிலோமீட்டர் போவது பெரிய விஷயமில்லை. பல இடங்களில் சமதளம்தான். அதே ஐரோப்பாவில், இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்குப் பிராத்தோ பக்கமிருந்து ஏறினால் தூரம் சுமார் 24 கிலோமீட்டர்தான். ஆனால் 48 கொண்டை ஊசி வளைவுகள், 1,800 மீட்டர் ஏற்றம். சுமையோடு மணிக்கு 6, 7 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறவருக்கு அதற்கே மூன்றரை, நான்கு மணி நேரம் போய்விடும். எனவே தூரத்தைப் பார்ப்பதற்கு முன் அன்றைய மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். அப்புறம் அந்த நாளை மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள்: மிதிக்கும் நேரம் ஐந்தாறு மணி, நிற்கும் நேரம் இரண்டு மணி, சூரியன் மறைவதற்குள் போய்ச் சேர இன்னும் கொஞ்சம் இடைவெளி. இதற்குள் அடங்குகிற தூரம்தான் அன்றைய தூரம்.

காற்றையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. எதிர்க்காற்றின் தடை, காற்று நம்மீது மோதும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது; அந்த வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. பக்கவாட்டில் பைகள் தொங்கினால் காற்றுக்கு இன்னும் அகலமாக முகம் கொடுக்கிறோம். அமெரிக்காவின் பசிபிக் கடலோரத்தில் பெரும்பாலானோர் வடக்கிலிருந்து தெற்கே போவதற்கு இதுதான் காரணம். கோடையில் அங்கே வடமேற்குக் காற்று வீசும். பல இடங்களில் காற்று மதியத்துக்கு மேல்தான் வலுக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால், மாலையில் இரண்டு மணி நேர அவதி மிச்சம்.

முன்னதாகக் கிளம்பச் சொன்னதும் வேகமாக மிதிக்கத் தோன்றும். அது வேண்டாம். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாவுச்சத்து, கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே வெகுவாகக் குறைந்துவிடும். பிறகு கால் கனக்கும், கை நடுங்கும், தலை வேலை செய்யாது. பசித்த பின் சாப்பிடுவது இந்த விஷயத்தில் தாமதம். முதல் மணியிலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் கிட்டத்தட்ட 25 கிராம் இருக்கிறது. வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து; ரத்தத்தில் சோடியம் குறையும். கொஞ்சம் உப்பும் சேரட்டும். கடை எப்போது திறந்திருக்கும் என்பதும் சாப்பாட்டுத் திட்டத்தில் அடங்கும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையே வாங்கி வைக்காதவர் பெட்ரோல் பங்க்கில் கிடைப்பதை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

சாலையில் எந்தப் பக்கம் போவது என்பதில் எனக்கு உண்மையிலேயே கவலை உண்டு. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் வலப்பக்க நாட்டில் நெரிசலான சாலையில் தடுமாறுவது குறைவு, மற்ற வண்டிகளே ஞாபகப்படுத்திவிடும். ஆபத்து வருவது, சாப்பிட்டுவிட்டு ஆளில்லாத சாலையில் ஏறும் அந்த நொடியில். பழக்கம் தானாகவே பழைய பக்கத்துக்கு இழுக்கும். ஓய்வுக்கு நிறுத்தும்போதே, அடுத்துப் போக வேண்டிய திசையைப் பார்த்தபடி, சரியான ஓரத்தில் சைக்கிளை நிறுத்திவிடுங்கள்.

வாடகை சைக்கிள் என்றால் இன்னொன்றும் உண்டு. பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியாவில் முன் பிரேக் பெரும்பாலும் வலக்கையில். அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இடக்கையில். இறக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை இறுக்கினால் ஆளே தூக்கி எறியப்படலாம். கடை வாசலிலேயே ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்து, சைக்கிளைத் தள்ளி, எந்தச் சக்கரம் நிற்கிறது என்று பாருங்கள்.

சட்டங்களும் எல்லைக்கு எல்லை மாறும். ஸ்பெயினில் ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். பிரான்சில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். ஜெர்மனியில் நீல வட்டத்தில் வெள்ளை சைக்கிள் படம் இருந்தால், அந்தத் தனிப்பாதையில்தான் போக வேண்டும்.

உதிரி பாகங்களில் நடக்கும் தவறு, "26 இன்ச்", "28 இன்ச்" என்று வாய்வார்த்தையை நம்புவது. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். 37 அகலம், 622 டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். மொழி தெரியாத கடையிலும் இந்த எண்ணைக் காட்டினால் போதும். பம்பு உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று கிளம்பும் முன்பே அடித்துப் பாருங்கள். சுமை முழுவதையும் பின்னால் ஏற்றினால் ஏற்றத்தில் முன் சக்கரம் அலையும்; பின் சக்கரத்தில் பெரும்பாலும் செயின் பக்கத்து ஸ்போக்குகள்தான் முதலில் முறியும். அதே நீளத்தில் இரண்டு மூன்று ஸ்போக் கூடவே இருக்கட்டும்.

இரவு எங்கே தங்குவது என்பதை மாலை வரை தள்ளிப்போடாதீர்கள். நார்வேயில் பயிரிடாத திறந்த நிலத்தில், வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போடலாம். அந்த உரிமை எல்லா நாட்டிலும் இல்லை. மதியச் சாப்பாட்டின்போதே இடத்தை முடிவு செய்துவிட்டால், களைத்த காலோடு இருட்டில் இன்னொரு 20 கிலோமீட்டர் மிதிக்க நேராது.