அமிர்திக் காட்டுச் செடி அருங்காட்சியக அலமாரிக்குப் போகும் வழி

வேலூரை அடுத்த அமிர்திக் காட்டிலோ ஜவ்வாது மலைச் சரிவிலோ செடி சேகரிக்கப் புறப்படுமுன் வனத்துறையின் அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பூவும் காயும் உள்ள கிளையையே வெட்டுங்கள்; வெறும் இலையை வைத்துக்கொண்டு இனத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் இயலாது. கிளையைச் செய்தித்தாள் மடிப்புக்குள் பரப்பும்போது ஓர் இலையையாவது அடிப்புறம் தெரியும்படி திருப்பி வைத்து, மடிப்பை அழுத்துசட்டத்துக்குள் (செடியைத் தட்டையாக அழுத்தி உலர்த்தும் சட்டம்) வைத்து, அதன் வாரை இறுக்கிக் கட்டி, முதல் வாரம் முழுவதும் நாள்தோறும் தாள்களை மாற்ற வேண்டும். வேலூர் வெயிலை நம்பி இதைத் தள்ளிப்போட்டால், சாறு மிகுந்த செடிகள் தாளுக்குள்ளேயே பூசணம் பிடித்துக் கறுத்துவிடும்.

காய்ந்த கிளையைச் சுமார் 42-க்கு 28 செ.மீ. அட்டையில் தைத்து, வலப்பக்கக் கீழ்மூலையில் குறிப்புச்சீட்டை ஒட்டுவார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சீட்டுதான் மாதிரியின் உயிர். பழைய சீட்டொன்றில் ‘வட ஆர்க்காடு’ என்று மட்டும் இருந்தால், 1989-இலும் 2019-இலும் மாவட்டம் பிரிந்துவிட்ட நிலையில், அச்செடி இன்றைய வேலூரில் நின்றதா, திருப்பத்தூரிலா, ராணிப்பேட்டையிலா, திருவண்ணாமலையிலா என்று ஆய்வாளர் திணற நேரிடுகிறது. ஆகவே அருகிலுள்ள ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றையும், காய்ந்தால் மறைந்துபோகும் பூவின் நிறத்தையும் மணத்தையும் செடியின் அருகில் நின்றபடியே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். அலமாரியில் சேர்க்குமுன், பூச்சிகள் அழிவதற்காக மாதிரியை உறையில் மூடி, உறைநிலைப் பெட்டியில் சில நாள் வைத்தெடுப்பது வழக்கம்.